வீட்லயே கிளட்ச் மாத்தியாச்சு, இப்ப வண்டி மக்கர் பண்ணுதா? மறுபடி கியர்பாக்ஸ இறக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

கிளட்ச் மாத்துற வேலைய வீட்டு வாசல்லயே வச்சு முடிச்சு, ஜாக்கிய எறக்கி, கைய கழுவிட்டு சாவியப் போட்டா கியர் விழ மாட்டேங்குது, இல்ல விழுந்தாலும் கரகரனு கத்துது, இல்ல செல்ஃபே அடிக்கல. இந்த எடத்துல முக்காவாசி பேரு அடுத்து பண்றது திரும்ப கீழ படுத்து கியர்பாக்ஸ இறக்குறதுதான். அவசரப்படாதீங்க. வேலைக்கு முன்னாடி இல்லாத கோளாறு வேலை முடிஞ்ச அன்னைக்கே வந்திருக்குன்னா அது நீங்க கை வச்ச எடத்துலதான் இருக்கும், கை வச்ச எடத்துல பாதிக்கு மேல கியர்பாக்ஸுக்கு வெளிய கெடக்கு. கேபிள், ஒயரு, எர்த், இஞ்சின தாங்குற மவுண்டு, வீலுக்குப் போற ஆக்சில் எல்லாம் வெளியதான. அதையெல்லாம் ஒவ்வொண்ணா பாத்து கழிச்சிட்டு, கடைசியா உள்ள போங்க.

நான் சொல்றது ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 மாதிரி முன் வீல் இழுக்குற சின்ன கார்கள மனசுல வச்சு. ஆம்னி, பொலிரோ மாதிரி பின் வீல் இழுக்குற வண்டின்னா ஆக்சிலுக்கு பதிலா புரொப்பல்லர் ஷாஃப்டு, மத்தபடி கிளட்சு கதை ஒண்ணுதான்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி

கியர் ஆயில் ஊத்துனீங்களா? சிரிக்காதீங்க. ஆக்சில உருவும்போது ஆயில் ஒழுகி தீந்துரும், கேபிள் மாட்டி போல்ட் மாட்டி முடிக்கிற சந்தோசத்துல ஊத்துறது மறந்துபோற ஆளுங்க நெறைய. கியர்பாக்ஸ் பக்கவாட்டுல ஃபில்லர் போல்ட் இருக்கும், வண்டி சமமா நிக்கும்போது அந்த ஓட்டை விளிம்பு வரைக்கும் ஆயில் நிக்கணும், சுண்டுவிரல விட்டுப் பாத்தா தெரியும். சின்ன கார்னா சுமாரா ரெண்டு லிட்டர், எந்த கிரேடுன்னு வண்டியோட புத்தகத்துல போட்டிருக்கும், கடைக்காரர் கையில கெடச்சத ஊத்தாதீங்க. ஆயில் இல்லாம பத்து கிலோமீட்டர் ஓட்டுனா கிளட்சு செலவோட நிக்காம கியர்பாக்ஸே செலவு வச்சிரும்.

அடுத்தது, எங்க வச்சுப் பாக்குறீங்கங்கிறது. சிமெண்டு தரையா இருக்கணும். எங்க மதுரையில திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் தரையில ஈரம் இருந்தா ஜாக்கி அது பாட்டுக்கு உள்ள எறங்கும், கீழ பலகை போட்டாலும் சாயும். வண்டிக்கு அடியில போறதா இருந்தா ஜாக்கி ஸ்டாண்டு வச்சே ஆகணும், ஹாலோ பிளாக் கல்லுல நிறுத்துற பழக்கத்த விட்ருங்க, அது கீறல் விடுறது கண்ணுக்குத் தெரியாது, திடீர்னு நொறுங்கும். பின் வீலுக்கு அண்டக் கல்லு வைங்க. பெல் ஹவுசிங்குக்குள்ள (கிளட்ச மூடியிருக்குற கியர்பாக்ஸ் வாய்ப் பக்கம்) இருக்குற கருப்பு தூசிய ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய கிளட்ச் பிளேட்டுகள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால தொடச்சு எடுங்க.

செல்ஃப் அடிக்கல, இல்ல அடிச்சும் இஞ்சின் எடுக்கல

"டக்"குனு ஒரு சத்தம் வந்து நின்னு போச்சுன்னா மொதல்ல பேட்டரிய சந்தேகப்படாதீங்க, எர்த் ஒயர பாருங்க. நெறைய வண்டில பேட்டரி நெகட்டிவ்ல இருந்து வர்ற எர்த், கியர்பாக்ஸ் மேல இருக்குற ஒரு போல்ட்லதான் மாட்டிருக்கும். கியர்பாக்ஸ ஏத்திட்டு அந்த போல்ட்ட மாட்டும்போது எர்த்த விட்டுட்டு மாட்டிருவாங்க, அது ஒரு மூலையில தொங்கிட்டு கெடக்கும். டெஸ்டு சுலபம்: ஜம்பர் கேபிள் ஒண்ண எடுத்து ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன இஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புலயும் கடிக்க வச்சு செல்ஃப் அடிங்க, பளிச்சுனு சுத்துச்சுன்னா எர்த் தான். இத சும்மா விட்டா இன்னொரு வில்லங்கம் இருக்கு. செல்ஃபுக்குப் போற அம்புட்டு கரண்டும் திரும்பி வர வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா ஓடும், புது கேபிள் சூடாகி உள்ள இருக்குற பிளாஸ்டிக் உருகி டைட்டாகிரும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி இருக்குன்னு கிளட்ச குத்தம் சொல்லிட்டு இருப்போம்.

செல்ஃப் நல்லா சுத்துது, இஞ்சின் மட்டும் எடுக்கலன்னா இஞ்சின் சுத்துறத பாக்குற கிராங்க் சென்சார். பல வண்டில இது பெல் ஹவுசிங் பக்கத்துலயே ஃப்ளைவீல் (கிளட்சு ஒட்டிப் பிடிக்கிற, இஞ்சினோட சுத்துற பெரிய சக்கரம்) பல்ல பாத்து உக்காந்திருக்கும், வேலைக்காக கழட்டிருப்பீங்க, இல்ல அதோட ஒயரு கியர்பாக்ஸுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல மாட்டி நசுங்கிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர்ல ஆர்பிஎம் முள்ளு கொஞ்சங்கூட அசையலன்னா சந்தேகம் அங்கதான். புது வண்டிகள்ல கிளட்ச மிதிச்சாத்தான் செல்ஃபே அடிக்கும், பெடலுக்கு மேல இருக்குற சின்ன சுவிட்சோட பிளக் கழண்டிருந்தாலும் வண்டி செத்த மாதிரி இருக்கும்.

செல்ஃப் கரகரனு பல்ல அரைக்குதுன்னா செல்ஃப் மோட்டார் முழுசா உக்காரல. நடுவுல மண்ணு, இல்ல ஒரு ஒயரு.

கியர் விழல: இதுதான் பெரிய கதை

மொதல்ல ஒரு கேள்விக்கு பதில் தெரியணும். இஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது எல்லா கியரும் விழுதா? ஒண்ணு ரெண்டு கியர் அடம்பிடிச்சா வண்டிய அரை அடி முன்ன பின்ன தள்ளிட்டு பாருங்க, உள்ள பல்லு நேருக்கு நேர் நின்னாலும் விழாது.

ஆஃப்லயே விழலன்னா கிளட்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கியர் கேபிள் ரெண்டும் எடம் மாறிருக்கும், இல்ல கிளிப் மாட்டிருக்க மாட்டீங்க, ராடு உள்ள வண்டின்னா புஷ் வெளிய வந்திருக்கும். ஒருத்தர உள்ள உக்கார வச்சு லிவர அங்கிட்டு இங்கிட்டு ஆட்டச் சொல்லிட்டு கியர்பாக்ஸ் மேல இருக்குற கைய பாருங்க, லிவர் ஆடுற அளவுக்கு அதுவும் ஆடணும்.

ஆஃப்ல அழகா விழுது, ஸ்டார்ட் பண்ணுனா மட்டும் விழல, ரிவர்ஸ் போட்டா கிரீச்சுங்குது. அப்ப கிளட்சு முழுசா பிரியல. பெடல மிதிச்சாலும் பிளேட்டு ஃப்ளைவீலோட சேந்து சுத்திட்டே இருக்கு. இதுக்கு காரணம் வெளியவும் இருக்கலாம், உள்ளயும் இருக்கலாம். எதுன்னு பிரிச்சு பாக்குறதுதான் இந்த மொத்த வேலையிலயும் முக்கியம், அதனால பொறுமையா படிங்க.

இஞ்சின் ஆஃப். ஹேண்ட் பிரேக் போட்டு பின் வீலுக்கு கல்லு வச்சிட்டு, முன் வீல்ல ஒண்ண மட்டும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க, இன்னொரு முன் வீல் தரையிலயே இருக்கட்டும். ரெண்டாவது கியர் போடுங்க. இப்ப தூக்குன வீல கையால சுத்துனா சுத்தாது, இஞ்சின் பிடிச்சுக்கிட்டு இருக்கும். வீட்ல யாரையாவது உள்ள உக்கார வச்சு கிளட்ச முழுசா மிதிக்கச் சொல்லுங்க. இப்ப வீல் கொஞ்சம் கனமா இருந்தாலும் சுத்தணும். சுத்துச்சுன்னா கிளட்சு பிரியுது, கொஞ்சூண்டு அட்ஜஸ்ட்மெண்ட்தான் பாக்கி. மிதிச்சும் கல்லு மாதிரி நிக்குதுன்னா பிரியல. அவங்க மிதிச்சுட்டே இருக்கட்டும், நீங்க பானெட்ட தொறந்து கியர்பாக்ஸ்ல இருந்து நீட்டிட்டு இருக்குற ஃபோர்க் கைய (பெடல மிதிச்சா நகந்து கிளட்ச பிரிக்கிற கை) பாருங்க. அது சுமாரா ஒரு சென்டிமீட்டருக்கு மேல நகரணும். நகரவே இல்ல, இல்ல பாதில நிக்குதுன்னா கோளாறு வெளிய, கியர்பாக்ஸ தொட வேணாம். முழுசா நகருது, ஆனாலும் வீல் சுத்தலன்னா கோளாறு உள்ள.

வெளியன்னு வந்தா, கேபிள் வண்டிக்கு கேபிள் முனையில இருக்குற நட்ட பாருங்க. பழைய கேபிள் தேஞ்ச பிளேட்டுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணிருக்கும், புது பிளேட்டுக்கு அந்த அளவு ஒத்துவராது. பெடல் மேல ரெண்டு விரல வச்சு லேசா அமுக்குனா கொஞ்ச தூரம் லூசா போயி அப்புறம் கனம் தெரியணும், அந்த லூசு தூரம்தான் ஃப்ரீ பிளே. கேபிள் வண்டிகள்ல பொதுவா 15ல இருந்து 25 மில்லிமீட்டர் இருக்கும், உங்க வண்டிக்கு சரியான அளவு புத்தகத்துல. ஜாஸ்தி லூசா இருந்தா கிளட்சு பிரியாது, கொஞ்சங்கூட இல்லன்னா ஸ்லிப் அடிக்கும், அதாவது முழுசா பிடிக்காம வழுக்கும். நட்ட ரெண்டு சுத்து சுத்திட்டு பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு விட்டு அப்புறம் அளங்க, ஒரேயடியா இழுத்துறாதீங்க. கேபிள் எங்கயாவது மடங்கி வளைஞ்சிருக்கான்னும் பாருங்க, பழசு நார் நாரா பிரிஞ்சிருந்தா புதுசே போட்ருங்க.

ஹைட்ராலிக் வண்டின்னா, அதாவது கேபிளுக்கு பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்றதுன்னா, ஆயில் லைன்ல ஏர் மாட்டிருக்கும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது, நாலு தடவ பம்ப் பண்ணுனா கியர் விழுது, விட்டுட்டு மிதிச்சா விழல, இது ஏர் லாக்கேதான். பல வண்டில கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் டப்பா ஒண்ணுதான், டாட் 3யா டாட் 4ஆன்னு மூடிலயே எழுதிருக்கும், வேற எந்த ஆயிலையும் ஊத்தாதீங்க, ரப்பர் ஊதி மொத்தமும் நாசம். ஏர் வெளிய விடுற நிப்பிள்ல உள்ள தெரியிற டியூப் மாட்டி மறுமுனைய கொஞ்சம் ஆயில் இருக்குற பாட்டிலுக்குள்ள முக்குங்க. உள்ள இருக்குறவர் மிதிச்சு பிடிச்சுக்கணும், நீங்க நிப்பிள தொறந்து குமிழோட ஆயில் வந்ததும் மூடணும், மூடுன அப்புறம்தான் அவர் கால எடுக்கணும். பெடல் தானா மேல வரலன்னா கையால தூக்கி விடணும். குமிழ் நிக்கிற வரைக்கும் இதேதான். டப்பா காலியாச்சுன்னா ஏர் திரும்ப ஏறி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆயில் பெயிண்ட் மேல பட்டா உடனே தண்ணிய ஊத்தி கழுவுங்க.

இன்னொண்ணு, வேலை நடக்கும்போது ஸ்லேவ் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்துல ஃபோர்க்க தள்ளுறது) தொங்கிட்டு கெடக்க, வீட்டுப் பொடுசு யாராவது உள்ள உக்காந்து பெடல மிதிச்சிருந்தா பிஸ்டன் வெளிய பிதுங்கிருக்கும். ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் மூடிய ஒதுக்கிட்டு ஈரம் இருக்கான்னு பாருங்க. சில வண்டில ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள்ளயே பேரிங்கோட சேந்து இருக்கும், அது ஒழுகுனா வேற வழியில்ல, இறக்கித்தான் ஆகணும்.

உள்ளதான் கோளாறுன்னு ஆயிருச்சு

ஃபோர்க் முழுசா நகந்தும் பிரியலன்னா நான் மொதல்ல சந்தேகப்படுறது பிளேட்ட திருப்பி மாட்டுனதத்தான். பிளேட்டுக்கு நடுவுல ஸ்பிரிங் இருக்குற மேடான பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸ பாத்து இருக்கணும், பிளேட்டுலயே எந்தப் பக்கம் ஃப்ளைவீலுக்குன்னு அச்சடிச்சிருப்பான். திருப்பிப் போட்டா நடு மேடு ஃப்ளைவீல் போல்ட் தலையில போயி முட்டும், சில வண்டில சிர்ருனு உரசுற சத்தமும் கேக்கும்.

ரெண்டாவது, கியர்பாக்ஸ ஏத்தும்போது கடைசி ரெண்டு இன்ச் உள்ள போகலன்னு போல்ட்ட டைட் வச்சு இழுத்தது. தனியா வேலை பாக்குற எல்லாருக்கும் இந்த ஆச வரும். கியர்பாக்ஸ் வெயிட்டு முழுக்க ஷாஃப்ட் வழியா பிளேட்டு மேல தொங்கும், அஞ்சு நிமிசம் அப்படி தொங்குனாலே நடுப்பகுதி கோணிக்கும். கோணுன பிளேட்ட நிமித்தி மாட்டலாம்னு சில பட்டறையில சொல்லுவாங்க, கேக்காதீங்க, புதுசு போடுங்க. பிளேட்டு சென்டர் சரியா இருந்தா கியர்பாக்ஸ் கையாலயே தள்ளி இஞ்சினோட ஒட்டி உக்காரும், போல்ட் சும்மா பிடிச்சு வைக்கத்தான். இப்பவே டார்ச் அடிச்சு இஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவுல கேப் இருக்கான்னு சுத்தி பாருங்க, நகம் நுழையிற அளவு இருந்தாக்கூட தப்பு.

அப்புறம் ரிலீஸ் பேரிங் (ஃபோர்க் முனையில நின்னு கிளட்ச அமுக்குறது) ஃபோர்க் கிளிப்ல மாட்டாம நழுவிருக்கலாம், ஃபோர்க்கே அது சாஞ்சு ஆடுற குண்டுல இருந்து எறங்கிருக்கலாம், பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்ட ஃப்ளைவீலோட அமுக்கிப் பிடிக்கிறது) போல்ட்டுகள ஒரு பக்கமா டைட் வச்சு பிளேட் கோணிருக்கலாம். இல்ல கடைக்காரர் குடுத்ததே வேற மாடலா இருக்கலாம், ஒரே பேர்ல வண்டி இருந்தாலும் வருசத்துக்கு வருசம் பிளேட் சைஸும் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நுழையிற நடு ஓட்டையில இருக்குற வரிப்பல்லு) எண்ணிக்கையும் மாறும். பழச தூக்கிப் போடாம வச்சிருந்தா பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம்.

ரேஸ் ஆகுது, வண்டி போகல

நாலாவது கியர்ல 40, 50ல போகும்போது ஆக்சிலரேட்டர முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் சொய்ங்னு ஏறி ஸ்பீடு ஏறலன்னா ஸ்லிப். இத ஒருக்கா பண்ணுனா போதும், திரும்பத் திரும்ப பண்ணி புது பிளேட்ட நீங்களே கருக்கிறாதீங்க. மொத ஒரு நாள் லேசா கருகுன வாடை வர்றது சகஜம், அதுக்கு பயப்படாதீங்க.

ஸ்லிப்புக்கும் மொத மருந்து ஃப்ரீ பிளே தான். கேபிள் டைட்டா இருந்தா கால வைக்காமயே பாதி கிளட்சு மிதிச்ச கணக்கு. அத சரி பண்ணியும் ஸ்லிப் நிக்கலன்னா பிளேட்டுல எண்ணெ பட்டிருக்கு. புது பிரஷர் பிளேட்ல துரு பிடிக்காம இருக்க தடவுன எண்ணெய பிரேக் கிளீனர் போட்டு தொடைக்காம மாட்டுறது, ஸ்ப்லைன்ல கிரீஸ அள்ளி அப்புறது (மெல்லிசா பூசி மீதிய தொடச்சிரணும்), கிராங்கோட பின்பக்க ஆயில் சீல் ஏற்கனவே கசிஞ்சது. பெல் ஹவுசிங் அடியில சொட்டு நின்னா தொட்டு மோந்து பாருங்க, இஞ்சின் ஆயில் கருப்பா இருக்கும், கியர் ஆயில் கந்தக நாத்தம் அடிக்கும். எண்ணெ குடிச்ச பிளேட்ட பெட்ரோல்ல கழுவி மாட்டுறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா நடக்குற வைத்தியம், நாலு நாளைக்கு நல்லா இருக்கும், சூடு ஏறுனா உள்ள ஊறுன எண்ணெ திரும்ப வெளிய வரும்.

ஃப்ளைவீல லேத்துல குடுத்து சீவுனீங்கன்னா இன்னொண்ணும் இருக்கு. சில ஃப்ளைவீல்ல பிளேட்டு உக்கார்ற எடத்துக்கும் பிரஷர் பிளேட் போல்ட் ஆகுற எடத்துக்கும் நடுவுல படி இருக்கும். உள் எடத்த மட்டும் சீவிட்டு வெளி எடத்த அதே அளவு சீவலன்னா பிடிமானம் கொறஞ்சிரும். சில வண்டில ரெண்டும் ஒரே மட்டம்தான், லேத்காரர்ட்ட குடுக்குறப்பவே எதுன்னு பாத்து சொல்லிக் குடுங்க.

கிளம்பும்போது உதறுது

கிளட்ச விடும்போது வண்டி தடதடனு ஆடுனா மொதல்ல மவுண்டு. கியர்பாக்ஸ் மவுண்டு போல்ட்டுகள எல்லாம் லூஸ் விட்டு, இஞ்சின கையால லேசா ஆட்டி அதுபாட்டுக்கு உக்கார விட்டு அப்புறம் டைட் வைங்க. ஐடில்ல ஸ்டியரிங் நடுங்குறதும் இதுல தீரும். மவுண்டு சரின்னா மேல சொன்ன எண்ணெ சமாச்சாரம், இல்ல ஃப்ளைவீல்ல நீலம் பாஞ்ச சூட்டுத் தழும்பு. லேசான உதறல்னா ஒரு 200, 300 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க, பிளேட்டு பதிஞ்சதும் அடங்கலாம்.

சத்தம்

நியூட்ரல்ல நிறுத்தி காத வச்சு கேளுங்க. பெடல மிதிக்கும்போது மட்டும் வீஈனு வந்தா ரிலீஸ் பேரிங். பெடல விட்டா வருது, மிதிச்சா நிக்குதுன்னா கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங், அதுக்கு முன்னாடி கியர் ஆயில் அளவ திரும்ப பாருங்க. மிதிச்சாலும் விட்டாலும் ஆர்பிஎம்மோட சேந்து தகரச் சத்தம் வந்தா ஃப்ளைவீலுக்கு அடியில இருக்குற தகர மூடி வளைஞ்சு உரசுது, ஸ்குரூ டிரைவரால நெம்பி விட்டா தீந்துச்சு. பீதியக் கெளப்புற சத்தம் பெரும்பாலும் இந்த தகரந்தான்.

கியர் விழுது, கிளட்ச விடுறேன், வண்டி நகராம கர்ருங்குதுன்னா ஆக்சில் முழுசா உள்ள போகல. உள் முனையில சின்ன வளையம் ஒண்ணு இருக்கு, அது "க்ளிக்"னு உக்காரணும், கையால வெளிய இழுத்தா வரக்கூடாது. ரிவர்ஸ் லைட் எரியல, ஸ்பீடாமீட்டர் ஓடல, ஏபிஎஸ் லைட் எரியுதுன்னா மூணுமே பிளக் மாட்டாததுதான்.

ஓட்டிப் பாக்குறது

மொதல்ல தெருவுக்குள்ள. அப்புறம் விடியக்காலம் டிராஃபிக் இல்லாதப்ப மதுரை ரிங் ரோடு, நின்னு போனாலும் ஓரங்கட்ட எடம் இருக்கும். நத்தம் ரோடு பாலத்துக்கு மொத நாளே போகாதீங்க, 7.3 கிலோமீட்டர் நீளம், மேல வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா பின்னாடி வர்றவன் ஏத்திருவான். ரிங் ரோட்ல தேறுன அப்புறம் அங்க போங்க, சிக்னல் இல்லாம ஒரே சீரா டாப் கியர்ல ஸ்லிப் பாக்குறதுக்கு அத விட நல்ல எடம் இல்ல.

மொத 500, 800 கிலோமீட்டர் பைய ஓட்டுங்க. காளவாசல், சிம்மக்கல் மாதிரி நின்னு நின்னு போற எடம் பிளேட்டு பதியிறதுக்கு நல்லதுதான், ஆனா ஹாஃப் கிளட்ச்ல ஊந்துட்டே இருக்கக்கூடாது, நியூட்ரல் போட்டு நிறுத்திட்டு எடம் விட்டதும் கெளம்புங்க. அழகர் ஆத்துல எறங்குற நாள்ல கோரிப்பாளையம் பக்கம் புது கிளட்சோட போறது வேண்டாத வேலை. சிறுமலை 18 கொண்டை ஊசி, கொடைக்கானல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அவசரம்னா ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும் போயி ஏத்தத்துல எப்படி இழுக்குதுன்னு பாத்துட்டு வாங்க.

வந்ததும் வீல் நட்டு, ஹப் நட்டு, பால் ஜாயிண்ட் போல்ட்ட திரும்ப ஒரு பிடி பிடிச்சு பாருங்க. ராத்திரி வண்டிக்கு அடியில பழைய அட்டை விரிச்சு வச்சா ஆக்சில் சீல் கசியுதான்னு காலையில தெரிஞ்சிரும். கேபிள் வண்டின்னா 500 கிலோமீட்டர் ஆனதும் ஃப்ரீ பிளேய மறுபடி அளக்கணும், பிளேட்டு பதியப் பதிய அது கொறைஞ்சுட்டே வரும். அட்ஜஸ்ட் பண்ணிட்டு லாக் நட்ட டைட் வைக்க மறந்துறாதீங்க.